கோட்டில் நிற்பவை

முதல் மூன்று வாரம் தண்ணீரைத்தான் அளந்தோம்,
சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்.
குழாயியின் கட்டையை முதல் தடைவரை அழுத்து,
முனையைத் தோய், மெல்ல விடு.
வெளியேற்றும்போது இரண்டாம் தடைவரை.
அந்த இரண்டையும் பெருவிரல் பிரித்தறிய
எனக்கு ஒரு மாதம் போனது.
ஹன்சமாலிக்கு ஒரு பின்னேரம்.
அவள் வயலின் வாசிப்பவள், அது வேறு கதை.

இன்று மதுவம்.
பேராதனைச் சந்தியில் வாங்கியது,
பாணுக்குப் போடும் அதே மதுவம்தான்.
இளஞ்சூட்டுச் சீனித்தண்ணீரில் விழித்து
ஆய்வுகூடமே பேக்கரியாய் மணக்கிறது.
அது பாதி, மெதிலீன் நீலம் பாதி.

உயிரோடிருப்பது நீலத்தை உள்ளே விட்டு
அதன் நிறத்தைத் தின்றுவிடும்.
செத்தது நீலமாகவே நிற்கும்.
கையேட்டில் இது ஒரே வரி.
பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்,
பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும்.

பாடசாலையில் இதைக் கலம் என்று படித்தேன்.
இங்கே செல்.
கலம் என்றால் கப்பலும்தான். செல் என்றால் போ.
இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால்
மஸ்கெலியாவில், எங்கள் தோட்டத்தில்,
இன்னும் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும்.
"உங்கள் மொழியில் என்ன?" என்று ஹன்சமாலி கேட்டபோது
கலம் என்று மட்டும் சொன்னேன்.
அவள் சைலய என்றாள்.
பிறகு இருவரும் ஆங்கிலத்துக்குத் திரும்பினோம்.

ஹந்தானையிலிருந்து மழை இறங்குகிறது.
எங்களுக்குக் கிடைத்தது பதினோராம் இலக்க நுணுக்குக்காட்டி.
அதன் வில்லையில் பூஞ்சணம் கிளைவிட்டிருக்கிறது,
பார்க்க வந்த உயிரைவிடத் தெளிவாக.

எண்ணும் கண்ணாடியில் ஒரு துளி.
மூடியின் ஓரத்தில் வைத்தால் தானாக உள்ளே ஓடும்.
முதல் துளியில் குமிழி. கழுவு, துடை.
இரண்டாவது வழிந்து வாய்க்காலில் விழுந்தது. கழுவு.
மூன்றாவதற்கு மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

நான்கு மூலை, ஒரு நடு: ஐந்து சதுரம்.
மேல்கோட்டையோ இடக்கோட்டையோ தொட்டது உள்ளே.
கீழ்க்கோட்டையோ வலக்கோட்டையோ தொட்டது
எண்ணப்படாது.

எனக்கு எழுபத்துநான்கு. அவளுக்கு அறுபத்தொன்று.
ஐந்தால் பெருக்கி, பத்தாயிரத்தால் பெருக்கி,
சாயத்துக்காக இரண்டால் பெருக்கினால்
பதின்மூன்று, பதின்மூன்று இலட்சமாகிறது.
"ஒரு மில்லிலீற்றருக்குள் நகரமே வந்திருக்கிறது,
வாக்காளர் இடாப்பைச் சரிபாருங்கள்"
என்று சிரித்துக்கொண்டே போனார் செய்முறை உதவியாளர் துஷ்மந்த.

திரும்ப எண்ணினோம்.
நான் கண்ணை எடுக்காமல் இடம் சொல்ல,
அவள் தாளில் சதுரம் வரைந்து புள்ளி வைத்தாள்.
மூன்றாம் சதுரத்தில் பென்சில் நின்றது.
"இது வலக்கோட்டில்."
தெரியும்.
"தெரிந்துமா எண்ணினாய்?"
தெரிந்துதான் போலிருக்கிறது.
கை தானாக அழுத்திவிடுகிறது.

அவள் கோபப்படவில்லை.
பக்கத்தில் இன்னொரு சதுரம் வரைந்தாள்.
"பார், இது விடுபடவில்லை.
இங்கே வலக்கோடு, அங்கே அதுவே இடக்கோடு.
அங்கே எண்ணுவார்கள்.
இங்கேயும் எண்ணினால் இரண்டு தடவை."

இத்தனை நேர்மையான விதியை
நான் காகிதத்தில் கண்டதேயில்லை.
ஆனாலும் கேட்டேன்:
கடைசிச் சதுரத்துக்கு வலப்பக்கம்?

பதில் சொல்லாமல் அவள் திருகைத் திருப்பினாள்.
கட்டங்கள் ஒவ்வொன்றாய் நழுவிப் போயின,
மூன்று கோடு, இரண்டு கோடு, பிறகு
கோடே இல்லாத கண்ணாடி.
அங்கேயும் இருந்தன.
நிறைய. நிறமில்லாமல்.
ஒன்று மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.

தாயில் பாதியளவு வளர்ந்தால்தான்
மொட்டைத் தனியாள் என்று எண்ணலாம், அதுவும் விதி.
வளர்ந்ததா என்று மாறி மாறிப் பார்த்தோம்.

பதிவேட்டில் அறுபத்திரண்டு. கையொப்பம் கிடைத்தது.
மற்றவர்கள் மேசை துடைத்துக் குடை தேடினார்கள்.
"இன்னும் பாதியில்லை" என்றாள் ஹன்சமாலி.
விளக்கை அணைக்காதே என்றேன்,
கொஞ்சம் பொறு.